பனியா, புகையா? – வாசகர் கேள்வி பதில்

மார்கழி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. காலையில் கதவைத் திறந்தால் தெருவே வெள்ளையாக இருக்கிறது, இது பனியா, புகையா, வெளியே போகலாமா கூடாதா என்று. சரி, இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (தாம்பரம் வாசகி): காலை ஐந்தரைக்குக் கோலம் போட வந்தால் நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளையார் கோயில்கூடத் தெரிவதில்லை. "மார்கழின்னா பனி இருக்கத்தான் செய்யும்" என்கிறார் வீட்டுக்காரர். ஆனால் அந்த நேரத்தில் மாமனார் இருமுகிற இருமல் வெறும் பனியால் வருகிற மாதிரி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

மூடுபனி என்பது தண்ணீர். காற்றில் மிதக்கிற மிகச் சிறிய நீர்த்துளிகள், அவ்வளவுதான். அதனால் முதல் வேலை, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் எல்லோரும் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. ஸ்கூட்டர் சீட் நனைந்திருக்கிறது, அதனால் பனிமூட்டம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி இல்லை. வானம் தெளிவாக இருக்கிற இரவில், மூடுபனியே இல்லாவிட்டாலும், திறந்த வெளியில் கிடக்கிற பொருள்கள் குளிர்ந்துபோய் அவற்றின் மேல் பனித்துளி படியும். சீட்டின் ஈரம் அந்தப் பனித்துளியாக இருக்கலாம், மேலே மிதப்பது முழுக்கப் புகையாகவும் இருக்கலாம். ஆகவே வானத்தைப் பார்க்காத இடத்தில் ஈரத்தைத் தேடுங்கள். உங்கள் வீட்டு கேட்டிலோ சன்ஷேடுக்கு அடியிலோ சிலந்தி வலை ஒன்று இல்லாமல் இருக்காது, இந்த மாதம் மட்டும் அதை ஒட்டடைக் குச்சியால் எடுத்துவிடாதீர்கள். நல்ல மூடுபனி இறங்கிய காலையில், கூரைக்கு அடியில் இருக்கிற வலையில்கூட இழைக்கு இழை பாசிமணி கோத்த மாதிரி துளிகள் நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அதே வலை காய்ந்துபோய், வெறும் தூசியோடு சாம்பல் நிறத்தில் தொங்குகிறது, ஆனாலும் கோயில் தெரியவில்லை என்றால் அது பனி இல்லை.

அடுத்தது மூக்கு. கதவைத் திறந்தவுடன் இழுக்கிற முதல் மூச்சை நம்புங்கள், ஐந்து நிமிடம் கழித்து இழுப்பதை நம்பாதீர்கள், ஏனென்றால் மூக்கு வெகு சீக்கிரம் பழகிவிடும். பனிக்கு ஈர மண்ணின் வாசனை இருக்கலாம், கரிந்த வாடை இருக்காது. தொண்டை கரகரக்கிறது, கண் எரிகிறது என்றால் அதைத் தண்ணீர் செய்யவில்லை.

மூன்றாவது, சூரியன். ஏழரை மணிக்கு மேல் கிழக்கே பாருங்கள். (உற்றுப் பார்க்க வேண்டாம், ஒரு பார்வை போதும்.) பனிக்குப் பின்னால் சூரியன் நிலா மாதிரி வெள்ளைத் தட்டாக இருக்கும். புகைக்குப் பின்னால் செம்புக் காசு மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், கொஞ்சம் மேலே ஏறிய பிறகும் அந்த நிறம் போகாது.

நான்காவது, நேரம். தரை சூடாகத் தொடங்கியதும் துளிகள் ஆவியாகிவிடும், அதனால் நம் ஊர்ப் பக்கம் சாதாரண மூடுபனி எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் கலைந்துவிடும். மொட்டை மாடியிலிருந்து தெரிகிற ஒரு செல்போன் டவரையோ தண்ணீர்த் தொட்டியையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதே தெரியவில்லை என்றால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்றே சொல்வார்கள். பதினோரு மணிக்கும், வெயில் அடிக்கிறபோதும், அந்த டவர் வெளிறிப்போய்த் தெரிகிறது என்றால் காலையில் நீங்கள் பார்த்ததில் பெரும் பங்கு புகையும் தூசியும்தான்.

ஆனால் ஒன்று, தாம்பரம் மாதிரி இடத்தில் பெரும்பாலான நாட்களில் விடை "இரண்டும்" என்றுதான் வரும். ஜிஎஸ்டி ரோட்டுப் புகையும் ஏரிக்கரை ஈரமும் ஒரே காற்றில்தான் கிடக்கின்றன. அதனால் "பனிதானே" என்று வீட்டுக்காரர் சொன்னால், "பனியும் இருக்கு" என்று திருத்திவிடுங்கள். மாமனாரை எட்டரைக்கு முன்னால் வெளியே விட வேண்டாம். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அதைப் பனியின் தலையிலும் போட வேண்டாம், புகையின் தலையிலும் போட வேண்டாம்.

கேள்வி (வேலூர் கல்லூரி மாணவர்): பனி வெள்ளை, புகை கறுப்பு என்று படித்தோம். ஆனால் நேரில் பார்த்தால் இரண்டுமே வெள்ளையாகத்தான் இருக்கின்றன. நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா, முடியாதா?

பதில்: ஓரளவுக்கு முடியும். இன்று சாயங்காலம் வீட்டில் ஊதுவத்தி ஏற்றும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். பின்னால் இருட்டான அலமாரி இருந்தால் அந்தப் புகைச்சுருள் நீலமாகத் தெரியும். அதே சுருளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் பழுப்பாகத் தெரியும். பீடி குடிப்பவர் யாராவது இருந்தால் இன்னொன்றும் கவனிக்கலாம். பீடி நுனியிலிருந்து எழுகிற புகை நீலம் கலந்திருக்கும், அவர் உள்ளே இழுத்து வெளியே விடுகிற புகை வெள்ளையாக இருக்கும். புகைத் துகள்கள் ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியவையாக இருக்கிறபோது நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும், அதனால் பக்கவாட்டில் நீலமாகவும், ஊடுருவிப் பார்க்கிறபோது பழுப்பு, ஆரஞ்சாகவும் தெரியும். நுரையீரலுக்குள் போய் ஈரத்தைக் குடித்து ஊதிப்போன துகள்கள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால் வெள்ளை.

மூடுபனித் துளிகள் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நாம் பார்க்கிற ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய அரை மைக்ரான். துளி அவ்வளவு பெரியது, அதனால் பனிக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது. புகைமூட்டத்தில் பார்வையை மறைக்கிற துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அதே மாதிரி காற்றில் இருக்கிற சல்பேட், நைட்ரேட் உப்புத் துகள்களும் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் இது நன்றாகவே நடக்கும். அப்போது மாசு மூட்டமும் பால் வெள்ளையாகிவிடும், பார்க்கிறவர் பனி என்றே சத்தியம் செய்வார். கடற்கரை ஊர்களில் இது அடிக்கடி நடக்கிற ஏமாற்று. பழுப்பாக இருந்தால் புகை என்று தைரியமாகச் சொல்லலாம், வெள்ளையாக இருப்பதாலேயே பனி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை, பெரம்பூர் வாசகர்): போகிக்குப் பழைய பாய், துடைப்பம் கொளுத்துவது காலம் காலமாக இருக்கிற வழக்கம். அன்று காலை இருப்பது மார்கழிக் கடைசிப் பனிதான், அதைப் போய் புகை புகை என்று பெரிதாக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: இல்லை, மரியாதையோடு மறுக்கிறேன். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு போகிக் காலையில், வீசிங் தொந்தரவு உள்ள என் அம்மா, "பனி இறங்கியிருக்கு" என்று சொல்லிக் காதையும் தலையையும் மப்ளரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். தெருவில் பிள்ளைகள் போகி மேளம் கொட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தவர் மாடிப்படி ஏற முடியாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்கூட்டுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூச்சு சமாதானமான பிறகு அவர் தலையிலிருந்து மப்ளரை அவிழ்த்தேன், கம்பளி மப்ளர், அரை மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்தது, மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூக்கைத் துடைத்த முந்தானையில் கறுப்பாகக் கோடு. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நாங்கள் இத்தனை வருடமாகப் பனிக்காகக் காதை மூடிக்கொண்டிருந்தோம், மூட வேண்டியது மூக்கை.

என்ன நடக்கிறது என்றால், தை பிறக்கப் போகிற நேரத்தில் இரவு நீளம், வானம் தெளிவு, காற்று அசைவில்லை. தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிப் பாய் விரித்த மாதிரி கீழேயே படுத்துவிடும். அதற்கு மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருப்பதால் பாத்திரத்துக்குப் போட்ட மூடி மாதிரி ஆகிவிடுகிறது. விடியற்காலையில் குப்பை எரிகிற இடத்தையோ டீக்கடை விறகடுப்பையோ தள்ளி நின்று பாருங்கள், புகை நேராக ஒரு மாடி, இரண்டு மாடி உயரம் போகும், அப்புறம் யாரோ கையால் அமுக்கிய மாதிரி தட்டையாகப் படரும். அந்த மூடிக்குக் கீழேதான் ஊர் மொத்தமும் மூச்சு விடுகிறது. ஒரு நாளில் மற்ற நேரத்தில் கொளுத்தினால் மேலே போய்க் கலைந்திருக்கக்கூடிய புகையை, சரியாக அந்த மூடி இருக்கிற நாலு மணி, ஐந்து மணிக்குக் கொளுத்துகிறோம்.

வழக்கம் பழையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரிகிற பொருள் பழையது இல்லை. கோரைப் பாயும் தென்னந்துடைப்பமும் போய் டயர், ரெக்சின், பிளாஸ்டிக் நாற்காலி, பாலியஸ்டர் துணி என்று ஆகிவிட்டது. 2018 ஜனவரி 13, போகி அன்று காலையில் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன, பல தாமதமாயின. வெறும் பனி என்றால் மார்கழி முப்பது நாளும் அப்படி நடந்திருக்க வேண்டும், சரியாகப் போகிக்கு மட்டும் ஏன் நடக்கிறது? தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகியை ஒட்டிச் சென்னையில் காற்றைத் தனியாக அளந்து பார்ப்பதும் இதனால்தான்.

பனியும் அன்று இருக்கும், அதை மறுக்கவில்லை. அதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி (திருவள்ளூர் வாசகர்): எங்கள் பக்கம் செங்கல் சூளைகள் பெருகிய பிறகு பனியும் அதிகமான மாதிரி இருக்கிறது. புகைக்கும் பனிக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை என் கற்பனையா?

பதில்: சம்பந்தம் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் 1880-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள், ஒன்றில் சாதாரண அறைக் காற்று, இன்னொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டித் தூசி நீக்கிய காற்று. இரண்டிலும் நீராவியை விட்டார். முதல் பாத்திரம் பனிமூட்டமாக வெளுத்தது, இரண்டாவது தெளிவாகவே இருந்தது. நீராவி துளியாக மாற உட்கார ஓர் இடம் வேண்டும், அந்த இடம் தூசியும் புகைத் துகளும்தான். துகள் அதிகமானால் அதே அளவு தண்ணீர் இன்னும் நிறைய, இன்னும் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரியும். அடர்த்தியான மூடுபனியில்கூட ஒரு கன மீட்டரில் இருக்கிற தண்ணீர் சாதாரணமாக அரை கிராமைத் தாண்டாது, ஆனால் அது பொடிப் பொடித் துளிகளானால் அதிகமாக மறைக்கும், வெயிலையும் தடுத்துக்கொண்டு நிதானமாகத்தான் கலையும். உங்கள் ஊரில் ஏரியும் நெல் வயலும் தருகிற ஈரத்துக்கும் இதில் பங்கு இருக்கும், பழி முழுவதையும் சூளைமேல் போட்டுவிட முடியாது. ஆனால் கண்ணுக்குப் பட்டது கற்பனை இல்லை.

இந்தக் கலவைக்கு ஆங்கிலத்தில் ஸ்மாக் என்று பெயர் வைத்தார்கள், 1905 வாக்கில் லண்டன் மருத்துவர் ஒருவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல், ஸ்மோக்கும் ஃபாகும் சேர்ந்தது. அதே லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து ஊரை மூடின. லண்டன்காரர்களுக்கு மூடுபனி பழக்கம், இதுவும் வழக்கமானதுதான் என்றே முதலில் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். பழக்கமான பெயரை வைத்துக் கூப்பிட்டதால் ஆபத்து தெரியாமல் போன கதை அது, அதனால்தான் பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி (கோவை வாசகி): போனிலேயே எல்லாம் வருகிறதே, அதைப் பார்த்துச் சொல்ல முடியாதா?

பதில்: தாராளமாக, ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வானிலைப் பக்கத்தில் ஈரப்பதம் என்று ஒரு எண் இருக்கும். 95-க்கு மேல் இருந்து வெளியே மங்கலாக இருந்தால் மூடுபனிக்கு வாய்ப்பு. 75-க்கும் கீழே இருந்தும் மங்கலாக இருந்தால் அது புகை அல்லது தூசி, சந்தேகமே வேண்டாம். பனிநிலை, அதாவது டியூ பாயின்ட், என்று இன்னொரு எண் இருக்கும். அதுவும் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக, ஓரிரண்டு டிகிரி வித்தியாசத்தில் இருந்தால் காற்றில் நீர் துளியாகும் நிலை. பத்து டிகிரி இடைவெளி இருந்தால் பனி எப்படி வரும்?

விமான நிலையம் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே வெளியிடுகிற மெட்டார் என்ற வானிலை அறிக்கையைப் பார்க்கலாம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எஃப்ஜி என்றால் மூடுபனி, பிஆர் என்றால் லேசான பனிமூட்டம், ஹெச்இசட் என்றால் வறண்ட தூசி மூட்டம், எஃப்யூ என்றால் புகை. பயிற்சி பெற்றவர்கள் பார்த்து எழுதுவது, நம்பலாம்.

காற்றுத் தரக் குறியீட்டில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் வருகிற குறியீடு, துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது. அதனால் காலை ஆறு மணிக்கு மூச்சு முட்டினாலும் எண் சாதுவாக இருக்கலாம், அந்த மணி நேரத்துக்கான பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்களின் அளவைத் தனியாகப் பாருங்கள். இந்திய வரம்பு ஒரு நாளுக்குக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. இன்னொன்று, பல தனியார் செயலிகள் அமெரிக்கக் கணக்கைக் காட்டுகின்றன. அதே 60 மைக்ரோகிராம் நம் கணக்கில் 100, அவர்கள் கணக்கில் 150-ஐத் தாண்டிவிடும். இரண்டு செயலியில் இரண்டு எண் வந்தால் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை.

வீட்டில் வாங்கி மாட்டுகிற விலை குறைந்த கருவிகள் ஒளியைப் பாய்ச்சித் துகளை எண்ணுபவை. அடர்ந்த பனியில் ஈரத்தில் ஊதிய துகளையும், சில நேரம் நீர்த்துளியையும்கூட மாசு என்று எண்ணிவிடும், எண் எகிறும். அரசு நிலையங்களில் உள்ள கருவிகளில் காற்றைச் சூடாக்கி ஈரத்தை நீக்கிவிட்டு அளக்கிற ஏற்பாடு உண்டு. ஆகவே பனிக்காலையில் வீட்டுக் கருவி சிவப்பு காட்டினால் பதற்றப்படாமல் பக்கத்து அரசு நிலையத்தின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (டெல்லி, கரோல் பாக் வாசகர்): இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. தீபாவளி முதல் பொங்கல் வரை எல்லாமே ஒரே மூட்டமாகத்தான் தெரிகிறது. இதில் எது பனி?

பதில்: நீங்கள் பார்ப்பது ஒன்று இல்லை, இரண்டு. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இருப்பது பெரும்பாலும் வறண்ட புகைமூட்டம். பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த பின் தாளைக் கொளுத்துகிற புகை, ஊருக்குள் வண்டிப் புகை, கட்டட வேலைத் தூசி, பட்டாசு எல்லாம் சேர்ந்தது. மத்தியானத்திலும் போகாது. 2017 டிசம்பர் 3 அன்று டெல்லி டெஸ்ட் போட்டியில் இலங்கை வீரர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆடியது ஞாபகம் இருக்கும், உணவு இடைவேளைக்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்த வேண்டி வந்தது. வெயில் இருக்கிற பகல் நேரத்தில் அப்படி நிற்பது பனியாக இருக்க முடியாது.

டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் வருவது நிஜமான மூடுபனி. மேற்கிலிருந்து வருகிற மழை மேகங்கள் ஈரம் விட்டுப் போகும், வயல்கள் பாசனத்தில் நனைந்திருக்கும், இரவு கடுங்குளிர், கங்கைச் சமவெளி முழுக்க ஒரே போர்வையாக மூடும், செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பாகிஸ்தானிலிருந்து பீகார் தாண்டியும் வெள்ளையாகக் கிடக்கும். டெல்லி விமான நிலையத்தில் இதற்காகவே 2015 குளிர்காலத்திலிருந்து வைஃபெக்ஸ் என்ற மூடுபனி ஆய்வு நடக்கிறது. ஆனால் அந்த ஜனவரிப் பனியிலும் மாசு கரைந்துதான் இருக்கிறது. டெல்லிக் குளிர்காலத்தில் பனி என்று நம்பி மூச்சை இழுத்து விடக்கூடிய நாட்கள் குறைவு.

கேள்வி (கொடைக்கானல் வாசகி): எங்கள் ஊர்ப் பனியும் மாசு என்று சொல்லிவிடாதீர்கள்!

பதில்: சொல்ல மாட்டேன். உங்களுக்கு வருவது பெரும்பாலும் மலையைத் தொடுகிற மேகம். பெரியகுளத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மேகம், அதற்குள் நிற்கிற உங்களுக்கு மூடுபனி. மத்தியானம் இரண்டு மணிக்கும் வரும், சமவெளிக் கணக்கு அங்கே செல்லாது. ஒரு காரியம் செய்யுங்கள், தெளிவான குளிர்காலக் காலையில் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து கீழே பாருங்கள். சமவெளியின் மேல் கோடு கிழித்த மாதிரி தட்டையாக, பழுப்பாக ஓர் அடுக்கு கிடந்தால் அதுதான் நான் மேலே சொன்ன மூடி. நாங்கள் எல்லாம் அதற்குக் கீழே இருக்கிறோம்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): 2022 மார்கழியில் ஊர் முழுக்க மங்கலாகக் கிடந்தது. புயலோடு வந்த பனி என்றுதான் நினைச்சனாங்கள். பிறகு பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். உண்மையில் அது என்ன?

பதில்: டிசம்பர் 8-ஐச் சொல்கிறீர்கள். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் இருந்த நேரம். புயல் காற்றைச் சுழற்றி இழுத்தபோது இந்தியப் பக்கத்து மாசு நிறைந்த காற்றும் உங்கள் பக்கம் வந்து சேர்ந்தது, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காற்றின் தரம் மோசமாகி, 9-ஆம் தேதி பள்ளிகளை மூடினார்கள். குளிரும் சேர்ந்து வந்ததால் பனி என்று நினைத்தது இயல்பு, வடக்கிலும் கிழக்கிலும் ஆடு மாடுகள் நிறையச் செத்தது அந்தக் குளிரில்தான். காற்று வீசிக்கொண்டிருக்கும்போதும் மங்கல் விலகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தரையில் பிறக்கிற மூடுபனிக்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும், நல்ல காற்று வந்தால் கலைந்துவிடும். தூரத்திலிருந்து வருகிற புகைக்கோ காற்றுதான் வாகனம்.

கேள்வி (மலேசியா, கிள்ளான் வாசகர்): எங்களுக்கு ஜெரெபு (இங்கே புகைமூட்டத்துக்கு மலாய்ப் பெயர்) என்றால் உடனே தெரியும், ஆனால் கேமரன் மலைக்குப் போனால் குழப்பம் வருகிறது.

பதில்: உங்களுக்கு நாட்காட்டியே பாதி விடை சொல்லிவிடும். மழை குறைந்த ஜூன் முதல் அக்டோபர் வரை, அதிலும் எல் நினோ வருடங்களில், சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச் சதுப்பு நிலங்கள் எரிந்தால் வருவது ஜெரெபு. அந்த நிலத்தில் தீ மண்ணுக்கு அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும், கனமழை பெய்தால்தான் அடங்கும். 2013 ஜூனில் சிங்கப்பூர்க் குறியீடு 401 தொட்டது, மூவாரில் 700-ஐத் தாண்டி அவசரநிலையே அறிவித்தார்கள். கேமரன் மலையில் காலையில் முகத்தில் சிலுசிலுவென்று ஈரம் பட்டு, கரி வாடை இல்லாமல் இருந்தால் அது மேகம், பயப்பட வேண்டாம்.

கேள்வி (மதுரை வாசகர்): கைக்குட்டை கட்டிக்கொண்டு வாக்கிங் போனால் போதுமா?

பதில்: போதாது. கைக்குட்டை நெசவின் ஓட்டைகள் அந்தத் துகள்களுக்கு வாசற்கதவு மாதிரி. என்95 முகக்கவசம், முகத்தோடு ஒட்டி இருந்தால், உதவும். அதைவிட நல்லது, மூட்டமான நாட்களில் நடையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றுவது, வெயிலில் தரை சூடாகி அந்த மூடி உடைந்து காற்று மேலும் கீழும் கலந்திருக்கும் நேரம்.

கேள்வி (கிருஷ்ணகிரி, லாரி ஓட்டுநர்): பனியில் ஹைபீம் போட்டால் இன்னும் தெரியவில்லையே, ஏன்?

பதில்: துளிகள் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அடிக்கின்றன. லோபீம், ஃபாக் லைட் மட்டும் போடுங்கள், ரோட்டின் இடதுபுற வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள். நிற்க வேண்டி வந்தால் ரோட்டைவிட்டு முழுக்க இறங்கி நில்லுங்கள் அண்ணா, ஓரத்தில் பாதி வண்டியை விட்டுவிட்டு நிற்பதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி (ஏற்காடு, ஏழாம் வகுப்பு மாணவி): பனியைப் பாட்டிலில் பிடிக்க முடியுமா?

பதில்: பாட்டிலில் முடியாது, வலையில் முடியும். சிலி நாட்டில், மழையே பெய்யாத கடற்கரைப் பக்கம், மலைமேல் பெரிய வலைகளை நட்டு மூடுபனியிலிருந்து தண்ணீர் எடுத்து, 1990-களில் சுங்குங்கோ என்ற மீனவ ஊருக்கே குழாயில் கொடுத்தார்கள். நீயும் செய்யலாம். பழைய நைலான் கொசுவலைத் துண்டு ஒன்றை இரண்டு குச்சிக்கு நடுவே இறுக்கிக் கட்டு, பனி எந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து நிறுத்து, கீழே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வை. ராத்திரி வைத்தால் பனித்துளியும் சேர்ந்துவிடும், அதனால் பனி வந்த பிறகு காலையில் வை. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார். சேலத்தில் மாமாவோ சித்தியோ இருந்தால் அவர்கள் வீட்டு மாடியிலும் பனி வரும் ஒரு காலையில் இதே வலையை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.